உண்மையான ஆராதனைனா என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்களும் சரி, சின்ன வயசுல இருந்தே சர்ச்சுல வளர்ந்தவங்களும் சரி, ஆராதனை பத்தி கேக்குற கேள்விகள் பெரும்பாலும் ஒண்ணாதான் இருக்கு. பாட்டு, கை தட்டுறது, காணிக்கை, ஃபீலிங், சண்டை, ஆன்லைன் சர்வீஸ்னு திரும்ப திரும்ப வர்ற கேள்விகளுக்கு என்னால முடிஞ்ச அளவு வேதத்துல இருந்து பதில் எழுதியிருக்கேன். வசன எண் அங்கங்க இருக்கு, பைபிள திறந்து வச்சுக்கிட்டு படிச்சா இன்னும் நல்லது.

சுருக்கமா சொல்லுங்க, உண்மையான ஆராதனைனா என்ன?

தேவன் யாருன்னு தெரிஞ்சு, இயேசு கிறிஸ்து மூலமா அவர் நமக்கு செஞ்சத உணர்ந்து, நம்மளையே அவர் கையில கொடுத்துடறது. பாட்டு, ஜெபம், காணிக்கை, அப்பம் பிட்குறது, வசனம் கேக்குறது எல்லாம் இதுக்குள்ள வரும்.

இதுல நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கிறது ஒண்ணு இருக்கு. தேவன் முதல்ல பாக்குறது ஆராதிக்கிற ஆள, அப்புறம்தான் அவன் கையில இருக்கறத. ஆதியாகமம் 4:4,5 மெதுவா படிச்சு பாருங்க, "ஆபேலையும் அவன் காணிக்கையையும்" அங்கிகரித்தார், "காயீனையும் அவன் காணிக்கையையும்" அங்கிகரிக்கவில்லைனு இருக்கு. ரெண்டு இடத்துலயும் ஆள் முன்னாடி, காணிக்கை பின்னாடி. இயேசு சமாரியா ஸ்திரீகிட்ட பேசும்போதும் இதேதான், தம்மைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் "இப்படிப்பட்டவர்களாயிருக்கும்படி" பிதா விரும்புறார்னு சொன்னாரு (யோவான் 4:23). எந்த மாதிரி பாட்டுன்னோ எந்த மாதிரி கட்டிடம்ன்னோ சொல்லல, எந்த மாதிரி ஆட்கள்னு சொன்னாரு. கீழ வர்ற எல்லா பதிலும் இதுல இருந்துதான் வருது.

பாட்டு பாடுறதுதானே ஆராதனை? எங்க சபைல பாட்டு முடிஞ்சதும் "ஆராதனை முடிஞ்சது, இப்ப செய்தி"ன்னு சொல்றாங்களே?

பாட்டு ஆராதனையோட ஒரு பகுதி, அழகான பகுதி, வேணாம்னு யாராலயும் சொல்ல முடியாது. இயேசுவே சிலுவைக்கு முந்தின ராத்திரி சீஷர்களோட ஸ்தோத்திரப்பாட்டு பாடிட்டுதான் ஒலிவ மலைக்கு போனாரு (மத்தேயு 26:30). ஆனா பாட்டு மட்டும்தான் ஆராதனைன்னு நினைச்சுட்டா வேதத்துல இருக்கற பெரிய பெரிய ஆராதனைகள் நம்ம கண்ணுலயே படாம போயிடும்.

ஆபிரகாம எடுத்துக்குங்க. ஆதியாகமம் 22ல மூணாம் நாள் தூரத்துல அந்த இடம் தெரியுது, வேலைக்காரங்கள கழுதையோட நிக்க சொல்லிட்டு, "நானும் பிள்ளையாண்டானும் அவ்விடமட்டும் போய், தொழுதுகொண்டு, உங்களிடத்துக்குத் திரும்பி வருவோம்"னு சொல்றாரு. அந்த மலை ஏறுறப்ப என்ன இருந்துச்சு? மகன் தோள்ல விறகு, அப்பா கையில நெருப்பும் கத்தியும், நடுவுல பையன் கேட்ட ஒரே கேள்வி, "தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" ஒரு சுரமண்டலம் இல்ல, ஒரு பாட்டு இல்ல, கூட நின்னு ஆமென் சொல்ல ஆள் இல்ல, தனக்கு ரொம்ப பிரியமானத தேவன்கிட்ட இருந்து பிடிச்சு வச்சுக்காம கொடுக்க ஒரு தகப்பன் மேல ஏறிப்போறாரு, அதுக்கு அவர் வச்ச பேர் தொழுதுகொள்றது.

யோபுவும் அப்படித்தான். ஒரே நாள்ல மாடு, ஆடு, ஒட்டகம், வேலைக்காரங்க, கடைசியா 10 பிள்ளைங்களும் போயாச்சு. யோபு சால்வைய கிழிச்சு, தலைய சிரைச்சு, தரையில விழுந்து பணிஞ்சாருன்னு இருக்கு (யோபு 1:20). கிழிஞ்ச துணியோட தரையில கிடக்குற ஒரு மனுஷனோட அழுகையும் ஆராதனைதான்.

அதனால செய்தி கேக்குற நேரமும் ஆராதனைதான், அமைதியா உக்காந்து வசனத்துக்கு கீழ்ப்படிய முடிவு பண்றதும் ஆராதனைதான். "ஆராதனை முடிஞ்சது"ன்னு சொல்றது பேச்சு வழக்கு, அதுக்காக சண்டை போட வேண்டாம், ஆனா மனசுல அப்படி பதிஞ்சுடாம பாத்துக்கணும்.

"ஆவியோடும் உண்மையோடும்"னா என்ன அர்த்தம்?

பிதாவ ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளணும்னு இயேசு சொன்ன இந்த வசனம் (யோவான் 4:23,24) யார்கிட்ட, எந்த சூழ்நிலைல சொல்லப்பட்டதுன்னு பாத்தா பாதி புரிஞ்சிடும். சீகார் ஊருக்கு வெளிய யாக்கோபோட கிணறு, மத்தியான வெயில், இயேசு நடந்து களைச்சுப்போய் உக்காந்திருக்காரு, ஒரு சமாரியா ஸ்திரீ தனியா தண்ணி மொள்ள வர்றா. பேச்சு போகப்போக அவளோட வாழ்க்கை வெளிய வருது, 5 புருஷர் இருந்தாங்க, இப்ப கூட இருக்கறவன் புருஷன் இல்ல. உடனே அவ ஒரு கேள்வி கேக்குறா, எங்க பிதாக்கள் இந்த மலைல தொழுதாங்க, நீங்க எருசலேம்னு சொல்றீங்க, எது சரி?

அந்த மலை கெரிசீம். சமாரியருக்கு அங்க ஒரு ஆலயம் இருந்துச்சு, இயேசுவுக்கு 100 வருஷத்துக்கும் முன்னாடியே யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானஸ் அத இடிச்சுட்டாரு, அந்த காயம் ஆறவே இல்ல. யூதருக்கும் சமாரியருக்கும் நடுவுல இருந்த பல தலைமுறை பகை அந்த கேள்விக்குள்ள இருக்கு. இயேசு ரெண்டு மலையையும் தாண்டி ஒரு காலம் வந்தாச்சுன்னு சொல்றாரு.

ஆவியோடன்னா, உள்ள இருந்து வர்றது, பரிசுத்த ஆவியானவர் நம்ம ஆவிய உயிர்ப்பிச்சு தேவனை "அப்பா"ன்னு கூப்பிட வைக்கிறாரே (ரோமர் 8:15) அதுல இருந்து வர்றது. இடம், உடை, முறை இதெல்லாம் சரியா இருந்து உள்ள ஒண்ணுமே இல்லனா ஏசாயா சொன்னதுதான், உதட்டால கனம் பண்றாங்க, இருதயம் தூரமா இருக்கு (ஏசாயா 29:13), இயேசுவும் இத பரிசேயர்கிட்ட திரும்ப எடுத்து சொன்னாரு.

உண்மையோடன்னா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, தேவன் தன்னை எப்படி வெளிப்படுத்தியிருக்காரோ அந்த தேவனை ஆராதிக்கணும், நமக்கு வசதியா ஒரு தேவனை மனசுல செஞ்சு வச்சுக்கக் கூடாது. பொன் கன்னுக்குட்டி செஞ்ச அன்னிக்கு ஆரோன் என்ன அறிவிச்சான் தெரியுமா, "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" (யாத்திராகமம் 32:5). பேர் கர்த்தரோடது, உருவம் அவங்க கையால செஞ்சது. ரெண்டாவது, நாம உண்மையா நிக்கணும். அந்த பெண்ணோட வாழ்க்கைய இயேசு தொட்டதுக்கு அப்புறம்தான் ஆராதனை பத்தின இந்த உபதேசமே வருது, இத பலரும் கவனிக்கறதில்ல. மறைச்சு வச்சத எல்லாம் வச்சுக்கிட்டே அவகிட்ட எந்த மலைன்னு விவாதம் பண்ண அவர் தயாரா இல்ல, அதே சமயம் அவள விரட்டவும் இல்ல. கிறிஸ்தவ ஆராதனை பத்தி வேதத்துல இருக்கற மிக ஆழமான வார்த்தைய ஊரே ஒதுக்கி வச்ச மாதிரி தனியா தண்ணிக்கு வந்த ஒரு பொம்பளைகிட்டதான் ஆண்டவர் சொன்னாரு. இத நினைக்கறப்ப எல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சு போகுது.

ஆராதனைல எனக்கு எந்த உணர்வும் வரல, கண்ணீர் வரல. என் ஆராதனை போலியா?

இல்ல. இத கேக்குறவங்க நிறைய பேர் உள்ளுக்குள்ள ரொம்ப பயந்து போயிருக்காங்க, பக்கத்துல எல்லாரும் அழறாங்க எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலன்னு. உணர்வு தேவன் கொடுத்த நல்ல விஷயம்தான், ஆனா அது அளவுகோல் கிடையாது. தூக்கம் சரியில்லனா உணர்வு வராது, உடம்பு முடியலனா வராது, மனச்சோர்வுல இருக்கறவங்களுக்கு மாசக்கணக்கா வராது. அதே மாதிரி நல்ல கார்ட் மாத்தி மாத்தி வாசிச்சு, குரலை ஏத்தி இறக்கி, லைட்ட மங்கலாக்குனா யாருக்கு வேணா கண்ணுல தண்ணி வரும், அது தேவ சமுகத்துனால வந்துச்சா இசையினால வந்துச்சான்னு அந்த நிமிஷத்துல சொல்லவும் முடியாது.

சங்கீத புஸ்தகத்த பாருங்க, அது இஸ்ரவேலோட பாட்டு புஸ்தகம். 150 சங்கீதத்துல புலம்பல் எவ்வளவு இருக்கு! "எதுவரைக்கும், கர்த்தாவே"ன்னு 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்குது. 88ஆம் சங்கீதம் இன்னும் கஷ்டம், மத்த புலம்பல் பெரும்பாலும் கடைசில ஒரு நம்பிக்கை வரியில வந்து நிக்கும், இது அப்படி நிக்காது, சிநேகிதனையும் தோழனையும் என்னை விட்டு தூரமாக்கிட்டீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சிடும். அதுவும் தேவனுக்கு பாடின பாட்டுதான், சபையா சேர்ந்து பாடினது. ஒண்ணும் தோணாத நாள்ல "ஆண்டவரே எனக்கு ஒண்ணும் தோணல, ஆனாலும் உம்மகிட்டதான் வந்திருக்கேன்"னு சொல்றது நடிப்பு இல்லாத ஆராதனை. வராத கண்ணீர வரவழைக்க முயற்சி பண்ணாதீங்க.

ஒருத்தரோட பேச்சுவார்த்தை இல்ல. அந்த நிலைல ஆராதிக்கலாமா?

இதுக்கு இயேசு நேரடியா பதில் சொல்லியிருக்காரு. பலிபீடத்துல காணிக்கை செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு அங்க ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வச்சுட்டு போ, முன்பு ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து (மத்தேயு 5:23,24).

இத கேட்டவங்க கலிலேயாவுல இருந்தவங்க, பலிபீடம் இருந்ததோ எருசலேம்ல. கலிலேயால இருந்து எருசலேம் போக நடந்தா சுமார் 3 நாள் ஆகும். இப்ப யோசிங்க, ஒருத்தன் 3 நாள் நடந்து வந்து, பலிக்கு ஆடு வாங்கி, கூட்டத்துல காத்திருந்து, அவன் முறை வந்து நிக்கிறப்ப ஊர்ல இருக்கற தம்பி முகம் ஞாபகத்துக்கு வருது. ஆட்ட விட்டுட்டு திரும்பி 3 நாள் நட, பேசி சரி பண்ணு, மறுபடி 3 நாள் நடந்து வா. ஆண்டவர் சொன்னது கேட்டவங்க காதுல இப்படித்தான் விழுந்திருக்கும். நமக்கு ஒரு போன் கால் தூரம்தான், அப்ப நாம என்ன காரணம் சொல்ல முடியும்?

இன்னொண்ணும் கவனிங்க, "உனக்கு அவன் மேல குறை இருந்தா"ன்னு சொல்லல, அவனுக்கு உன்மேல குறை இருந்தான்னு சொன்னாரு. நான் காயப்படுத்தினவங்கள தேடி நான் போகணும்.

ஆனா ஒரு விஷயத்த தெளிவா சொல்லணும். அடிக்கிற புருஷன்கிட்டயோ, துன்புறுத்தின ஆள்கிட்டயோ திரும்ப போய் மாட்டிக்கோன்னு இந்த வசனத்த வச்சு யாரையும் அனுப்பக் கூடாது. இந்த வசனம் பேசுறது தப்பு செஞ்சவன்கிட்ட, பாதிக்கப்பட்டவங்க தலைல இன்னொரு பாரத்த வைக்க இல்ல. சில பேர் நாம போனாலும் பேச மாட்டாங்க, அப்ப ரோமர் 12:18 இருக்கு, கூடுமானால், உங்களாலானமட்டும் சமாதானமா இருங்கன்னு. நம்மாலானத செஞ்சாச்சுனா சுத்த மனசாட்சியோட வந்து ஆராதிக்கலாம்.

பாவம் பண்ணிட்டேன். எந்த முகத்தோட போய் தேவனுக்கு முன்னாடி நிக்கிறது?

அந்த முகத்தோடயே போங்க. லூக்கா 18ல ஜெபம் பண்ண ரெண்டு பேர் போறாங்க, பரிசேயன் தன்னோட உபவாசத்தையும் தசமபாகத்தையும் எடுத்து சொல்றான், ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், தூரத்துல நின்னு கண்ண கூட ஏறெடுக்காம மார்புல அடிச்சுக்கிட்டு "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்"னு ஒரே வரி. நீதிமானா வீட்டுக்கு திரும்பினது அவன்தான். நாம சுத்தமாகிட்டு அப்புறம் வர்றோம்னா எப்பவுமே வர முடியாது. இயேசுவோட இரத்தத்தினாலதான் பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போக தைரியம் கிடைச்சிருக்குன்னு எபிரெயர் 10:19 சொல்லுது, நம்ம நடத்தை நல்லா இருந்த வாரத்துல மட்டும் திறக்கிற கதவு கிடையாது அது. அதே சமயம் பாவத்த விட மனசே இல்லாம, அத மூடி வைக்க ஆராதனைய யூஸ் பண்றது வேற, அதுக்கு ஆமோஸ் 5ஆம் அதிகாரம் இருக்கு: உங்க பாட்டுகளோட இரைச்சல் எனக்கு வேண்டாம், நியாயம் தண்ணி மாதிரி புரண்டு வரட்டும்னு தேவன் சொன்னாரு. அந்த ஜனங்க பாட்டுல குறை வைக்கல, பண்டிகைல குறை வைக்கல, ஆனா ஏழைய மிதிச்சு அவன்கிட்ட இருந்து தானியத்த பிடுங்கிக்கிட்டு இருந்தாங்க.

கை தூக்கணுமா, முழங்கால் போடணுமா, ஆடலாமா?

எல்லாமே வேதத்துல இருக்கு. தாவீது கர்த்தருக்கு முன்னாடி நடனம் பண்ணினார், எஸ்றா முழங்கால் படியிட்டு கைய விரிச்சாரு, யாக்கோபு வயசான காலத்துல கோலின் முனைல சாய்ஞ்சு தொழுதுகிட்டாருன்னு எபிரெயர் 11:21ல இருக்கு. சபை வரலாற்றுலயும் இதுக்கு ஒரே மாதிரி வழக்கம் இல்ல, 325ல நடந்த நிசேயா சங்கம் ஞாயித்துக்கிழமை நின்னுதான் ஜெபிக்கணும்னு தீர்மானமே போட்டுச்சு, இன்னிக்கு முழங்கால்தான் பக்தின்னு நினைக்கிற சபைகளும் இருக்கு. பக்கத்துல இருக்கறவர் கை தூக்கலன்னா அவருக்கு ஆவி இல்லன்னோ, கை தூக்கினா அது வெறும் உணர்ச்சின்னோ நியாயந்தீர்க்க நமக்கு உரிமை இல்ல. பவுல் 1 தீமோத்தேயு 2:8ல கைகள உயர்த்த சொல்றாரு, ஆனா அவர் கூட சேத்து சொல்றது "கோபமும் தர்க்கமுமில்லாமல்". கை எந்த உயரத்துல இருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி அத பாக்கலாம்.

இசைக்கருவி, பெரிய சவுண்ட், லைட் எல்லாம் தப்பா?

தப்புன்னு வேதம் சொல்லல. 150ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், குழல், கைத்தாளம்னு வரிசையா சொல்லுது. ஆனா கருவி இல்லாம ஆராதனை இல்லன்னும் சொல்ல முடியாது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் வெறும் குரல்லதான் பாடுறாங்க, சபை சீர்திருத்தவாதி கால்வின் காலத்து ஜெனீவாவுலயும் சங்கீதங்கள கருவி இல்லாமதான் பாடினாங்க, லண்டன்ல ஸ்பர்ஜன் ஆயிரக்கணக்கான பேருக்கு பிரசங்கம் பண்ணின மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள்ல அவர் காலத்துல ஒரு ஆர்கன் கூட கிடையாது, மொத்த சபையும் வாய் திறந்து பாடும்.

நான் பாக்குற ஒரே சோதனை இதுதான், சபை பாடுதா இல்ல வேடிக்கை பாக்குதா? மேடைல 6 பேர் பாட கீழ 200 பேர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தா அங்க ஏதோ நழுவிப்போச்சு. கத்தோலிக்க சபையும் 1963ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்தோட திருவழிபாடு பத்தின ஏட்டுல இதத்தான் வலியுறுத்துச்சு, ஜனங்க முழுமையா, உணர்ந்து, ஈடுபாட்டோட பங்கெடுக்கணும்னு. பிரிவு எதுவா இருந்தாலும் இந்த கவலை ஒண்ணுதான்.

எங்க சபைல ஒரு பெரியம்மா இருக்காங்க, காது சுத்தமா கேக்காது. முன் வரிசைல உக்காந்து பாடுறவங்களோட உதட்ட பாத்துக்கிட்டே பாட்டு புத்தகத்துல விரல் வச்சு வரி வரியா நகத்திக்கிட்டு பாடுவாங்க, ராகம் எங்கயோ போகும், மத்தவங்க ஒரு சரணம் முடிச்சப்புறமும் இவங்க ரெண்டு வரி பாடிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு சவுண்ட் சிஸ்டம் நல்லா இருக்கா இல்லையான்னே தெரியாது. அவங்க பாடி முடிக்கிற வரைக்கும் கீபோர்ட் வாசிக்கிற தம்பி கடைசி கார்ட்ட விடாம பிடிச்சுக்கிட்டு இருப்பான், யாரும் சொல்லிக் கொடுக்கல, அவனா செய்யறான். அவன் அப்படி காத்திருக்கறதும் ஆராதனைதான்னு நான் நினைக்கிறேன்.

துதி, ஸ்தோத்திரம், ஆராதனை மூணும் வேற வேறயா?

பெருசா பிரிச்சு குழப்பிக்க வேண்டாம். அவர் செஞ்சதுக்கு நன்றி சொல்றோம், அவர் யாருன்னு சொல்லி புகழுறோம், அவருக்கு முன்னாடி பணியுறோம். வேதத்துல இது மூணும் ஒண்ணோட ஒண்ணு கலந்தேதான் வருது.

காணிக்கை கொடுக்கறது ஆராதனையா? எவ்வளவு கொடுக்கணும்?

ஆமா, ஆராதனைதான். அர்வனாவோட களத்துல பலிபீடம் கட்ட தாவீது போனப்ப அவன் எல்லாத்தையும் சும்மாவே கொடுக்க வந்தான், மாடு, விறகு, களம் எல்லாம். தாவீது இலவசமா வாங்கி என் தேவனுக்கு பலி செலுத்த மாட்டேன்னு சொல்லி 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினாரு (2 சாமுவேல் 24:24). தனக்கு செலவே இல்லாதத தேவனுக்கு கொடுக்க அவருக்கு மனசு வரல. மல்கியா தீர்க்கதரிசி காலத்துல இது தலைகீழ், குருடும் ஊனமுமான ஆட்ட தள்ளிவிடற இடமா பலிபீடம் ஆயிடுச்சு, இத உன் அதிபதிக்கு கொடுத்து பாரு, வாங்குவானான்னு தேவன் கேட்டாரு.

விதவையோட ரெண்டு காசு எல்லாருக்கும் தெரியும் (மாற்கு 12:41-44). ஐசுவரியவான்கள் அதிகமா போட்டாங்க, இவ ஜீவனத்துக்கு இருந்தது எல்லாத்தையும் போட்டா, அவதான் அதிகம் போட்டான்னு இயேசு சொன்னாரு. ஆனா அதுக்கு ஜஸ்ட் முன்னாடி 40ஆம் வசனத்த யாரும் பிரசங்கம் பண்றதில்ல. விதவைகளோட வீடுகள பட்சிச்சு பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்றவங்க அதிக ஆக்கினை அடைவாங்கன்னு அங்க எச்சரிக்கை இருக்கு. அதனால இந்த கதைய சொல்லி ஏழைகள்கிட்ட இருக்கற கடைசி காச கேக்குறது பயங்கரமான காரியம். கடன் வாங்கி காணிக்கை போடுங்க, பத்து மடங்கா திரும்ப வரும்னு யாராவது சொன்னா அத நம்பாதீங்க, உள்ளது உள்ளபடிதான் தேவன் கேக்குறாரு, இல்லாதத கேக்கல (2 கொரிந்தியர் 8:12). எவ்வளவுங்கறதுக்கு பவுல் சொன்னது, அவனவன் தன் மனசுல நியமிச்சபடி, விசனமாவும் இல்ல, கட்டாயமாவும் இல்ல.

ஆசீர்வாதம் கிடைக்கணும்னு ஆராதிக்கிறது தப்பா?

தேவைய கேக்குறது தப்பே இல்ல, அனுதின ஆகாரத்த கேளுங்கன்னு கர்த்தரே ஜெபம் கத்துக் கொடுத்திருக்காரு. ஆனா கிடைச்சாதான் ஆராதிப்பேன்னா அங்க தேவன் யாரு, ஆசீர்வாதமா அவரா? யோபு புஸ்தகத்துல சாத்தான் கேட்ட கேள்வியே இதுதான், "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" சும்மாவா பயப்படறான், நீர் கொடுத்து வச்சிருக்கீர், அத எடுத்தா பாரும்னு. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூணு பேரும் நெருப்பு சூளைக்கு முன்னாடி நின்னு, நேபுகாத்நேச்சார் ராஜாகிட்ட எங்க தேவன் விடுவிக்க வல்லவர்னு சொன்னாங்க, அதோட நிறுத்தல, "விடுவிக்காமற்போனாலும்" உன் சிலைய பணிய மாட்டோம்னாங்க (தானியேல் 3:18). எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் ஆராதனை. வேலை கிடைக்கும், வியாதி சுகமாகும், குழந்தை பிறக்கும்னு மட்டும் சொல்லி ஆராதனைக்கு கூப்பிட்டா, கிடைக்காத அன்னிக்கு அந்த விசுவாசி எங்க போவாங்க?

அன்னாட வேலை ஆராதனையா? அப்படினா சர்ச்சுக்கு ஏன் போகணும்?

ரோமர் 12:1ல பவுல் நம்ம சரீரத்தையே ஜீவபலியா ஒப்புக்கொடுங்க, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை"ன்னு எழுதுறாரு. சரீரம்னா காலைல எழுந்து ஓடுற இந்த உடம்புதான், சமைக்கிற கை, பைக் ஓட்டுற கால், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வலிக்கிற முதுகு. எதை செஞ்சாலும் மனுஷருக்குன்னு செய்யாம கர்த்தருக்குன்னு மனப்பூர்வமா செய்யுங்கன்னு கொலோசெயர் 3:23 சொல்லுது, அது முதல்ல அடிமைகளுக்கு எழுதின வார்த்தை, யாரும் நன்றி சொல்லாத வேலைய செஞ்சவங்களுக்கு. ராத்திரி ஜுரத்துல இருக்கற குழந்தைக்கு மணிக்கொருதரம் துணி நனைச்சு நெத்தில போடற அம்மா, கணக்குல பொய் எழுத சொல்றப்ப முடியாதுன்னு சொல்லி ப்ரமோஷன இழக்கற ஊழியர், இவங்க பண்றது ஆராதனை.

ஆனா "என் வேலையே ஆராதனை, அதனால சபை வேண்டாம்"ங்கறதுக்கு இந்த வசனம் இடம் கொடுக்கல. பவுல் அத ஒரு சபைக்கு எழுதினாரு, அடுத்த வசனங்கள்லயே நாம ஒரே சரீரத்தோட அவயவங்கள்னு சொல்றாரு. சபை கூடிவருதலை விட்டுவிடாதீங்கன்னு எபிரெயர் 10:25 சொல்றப்ப காரணமும் சேத்து சொல்லுது, ஒருத்தருக்கு ஒருத்தர் புத்தி சொல்லணும்னு. தனியா ஆராதிக்கிறவனுக்கு தன்னோட குருட்டுப் பக்கத்த காட்ட ஆள் கிடையாது, பிடிக்காத ஆள நேசிக்க வாய்ப்பும் கிடையாது.

ஆன்லைன் சர்வீஸ் பாத்தா போதுமா?

போக முடியாதவங்களுக்கு அது பெரிய உதவி. போக முடிஞ்சும் போகாம இருக்கறதுக்கு அது காரணமாகக் கூடாது, அப்பத்த ஸ்க்ரீன் வழியா நீட்ட முடியாதே.

ஆரம்ப கால கிறிஸ்தவங்க எப்படி ஆராதிச்சாங்க?

இத பத்தி வெளி ஆள் ஒருத்தரே எழுதி வச்சிருக்காரு. கி.பி. 112 வாக்குல பித்தினியாவுல ரோம ஆளுநரா இருந்த பிளினி, கிறிஸ்தவங்கள விசாரிச்சுட்டு பேரரசர் டிராஜனுக்கு கடிதம் எழுதினாரு. இவங்க குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடறாங்க, கிறிஸ்துவ தெய்வமா நினைச்சு மாறி மாறி பாட்டு பாடறாங்க, அப்புறம் உறுதிமொழி எடுத்துக்கறாங்க. என்ன உறுதிமொழி? திருட மாட்டோம், விபசாரம் பண்ண மாட்டோம், சொன்ன வார்த்தை தவற மாட்டோம், நம்பி கொடுத்து வச்சத திருப்பி கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டோம். பாட்டும் நேர்மையும் ஒரே கூட்டத்துல ஒண்ணா இருந்திருக்கு பாருங்க, அதுவும் அவங்கள பிடிக்காத ஒரு அதிகாரி எழுதினது.

சுமார் 155ல ரோம்ல ஜஸ்டின் மார்ட்டியர்ங்கற கிறிஸ்தவ போதகர் எழுதினது இன்னும் விவரமா இருக்கு. ஞாயிறு எல்லாரும் ஒரே இடத்துல கூடறாங்க, நேரம் இருக்கற வரைக்கும் அப்போஸ்தலர்களோட நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளோட எழுத்தும் வாசிக்கப்படுது, நடத்துறவர் அத வச்சு புத்தி சொல்றாரு, எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறாங்க, அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுது, வர முடியாதவங்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கு கொண்டு போறாங்க. வசதி இருக்கறவங்க விருப்பப்பட்டத கொடுக்கறாங்க, அது அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைல இருக்கறவங்களுக்கும் போகுது. சொந்தமா பெரிய கட்டிடம் இல்லாம, பல இடத்துல உயிருக்கு ஆபத்தோட. அந்த கூட்டத்துல எதுவும் குறைவா இருந்ததா எனக்கு தெரியல.

எனக்கு ஒரு பாடகரையோ ஊழியரையோ ரொம்ப பிடிக்கும், அவர் இருந்தாதான் ஆராதனை நல்லா இருக்கு. இது சரியா?

ஜாக்கிரதை. அப்போஸ்தலன் யோவானே ரெண்டு தடவை தூதன் கால்ல விழப்போய், "இப்படிச் செய்யாதபடிக்குப் பார்", நானும் உன்ன மாதிரி ஊழியக்காரன்தான், தேவனைத் தொழுதுகொள்னு சொல்லி தடுக்கப்பட்டாரு (வெளிப்படுத்தல் 19:10, 22:9). மகிமைய பாத்த யோவானுக்கே தடுமாற்றம் வந்துச்சு. நல்ல ஊழியர்னா அந்த தூதன் மாதிரி உடனே கைய பிடிச்சு நிறுத்துவாரு.

படுத்த படுக்கையா இருக்கேன், வாய் விட்டு பாடவும் முடியல. என்னால எப்படி ஆராதிக்க முடியும்?

உங்களால முடியும். மேல சொன்ன யாக்கோபு கோலுல சாய்ஞ்சு தொழுதது சாகப்போற நேரத்துல. இயேசுவுக்கு பக்கத்துல சிலுவைல தொங்கின கள்ளனால கைய குவிக்க முடியல, முழங்கால் போட முடியல, ஞானஸ்நானம் எடுக்கல, ஒரு பாட்டும் பாடல, "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்"னு கேட்டான். இன்னிக்கே நீ என்னோட பரதீசுல இருப்பாய்னு அவனுக்கு பதில் கிடைச்சுச்சு (லூக்கா 23:43). உங்க பேர சொல்லி ஜெபிக்கவும், வீட்டுக்கு வந்து அப்பம் பகிரவும் சபையாருக்கு கடமை இருக்கு, கூச்சப்படாம அவங்கள கூப்பிடுங்க.

பாடற குழுவுல இருக்கேன். நடைமுறைல என்ன கவனிக்கணும்?

பாட்டு தேர்வு பண்றப்ப வரிகள தனியா உரக்க வாசிச்சு பாருங்க, ராகம் இல்லாம வாசிக்கறப்ப அதுல தேவன் பத்தி ஏதாவது இருக்கா, இல்ல "நான், எனக்கு, என்"னுதான் இருக்கான்னு தெரிஞ்சிடும். சிலுவை, உயிர்த்தெழுதல், பாவ அறிக்கை, புலம்பல் எல்லாத்துக்கும் பாட்டு இருக்கட்டும், எப்பவும் சந்தோஷ பாட்டாவே போனா அன்னிக்கு துக்கத்தோட வந்தவங்களுக்கு வாய் திறக்க இடமே இல்லாம போகும். பவுல் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்னு சொன்னாரு (1 கொரிந்தியர் 14:15), ஒரே வரிய இருபது தடவை திரும்ப பாடறப்ப கருத்து கூட இருக்கான்னு பாத்துக்குங்க. குழுவுக்குள்ள மனஸ்தாபம் இருந்தா அன்னிக்கு ப்ராக்டிஸ ஒதுக்கி வச்சுட்டு முதல்ல உக்காந்து பேசுங்க, ரெண்டு பாட்டு சரியா வரலன்னாலும் பரவால்ல. அப்புறம் சுருதி, பாடறவரோட குரலுக்கு வைக்காம சபைல சாதாரணமா பாடறவங்க எட்டுற அளவுக்கு ஒண்ணு ரெண்டு கட்டை கீழ வைங்க, அதுக்கு ட்ரான்ஸ்போஸ் பட்டன் பெரும்பாலான கீபோர்ட்ல இருக்கு.